ருட்டாரோவின் நாய்

நாய்களைப் பிடிப்பதில் எனக்கு ஒரு கைராசி உண்டு, ஐயா. எப்பேர்ப்பட்ட முரட்டு நாயும் என் மடியில் தலையை வைத்துவிடும். எங்கள் ம்பராரா ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

பத்தொன்பது வருஷம் அந்தக் கால்நடை மருத்துவமனையில் மயக்க ஊசி போட்டது நான்தான். நாயைத் தூக்கினாலே எடை தெரிந்துவிடும். மருந்தின் அளவு கைக்குத் தானாக வரும். சில செத்ததுண்டு. மயக்க மருந்து என்றால் அப்படித்தான்.

பிறகு டாக்டர் நின்சீமா வந்தாள். கம்பாலாவில் படித்தவள், வயது இருபத்தெட்டு. வந்த வாரமே எடைக்கருவி வாங்கி வைத்தாள். எடை பார்க்காமல் மருந்து எடுக்கக் கூடாது. நாய் வெறும் வயிற்றோடு வர வேண்டும். அது மயங்கிக் கிடக்கும்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூச்சையும் ஈறின் நிறத்தையும் பார்த்து எழுத வேண்டும். நியாயமான விதிகள்தான். நாய்கள் சாவதும் நின்றது; அதை நான் மறைக்க மாட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எடை பார்க்காத பூனைக்கு மருந்தை உறிஞ்சிவிட்டேன். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். அவள் சிரிஞ்சைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

"கமுகாஷா, இது என்ன உப்பா, கைக்கு வந்தபடி அள்ளிப்போட? இனிமே ஊசியைத் தொடாதீங்க. தரையைக் கழுவுங்க, போதும்."

வரிசையில் ருட்டாரோ கிழவர் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற லாரி டிரைவர். "ஏம்ப்பா, தொடப்பத்தையாவது அளந்து புடி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அவருடைய நாய் பிஹோகோவுக்கு வயிற்றுக் கட்டியை எடுப்பதாக இருந்தது. செம்பழுப்பு நிறப் பெட்டை. மனைவி போனபின் வீட்டில் அவருக்கு வேறு துணை இல்லை. கேழ்வரகுக் களியில் முதல் உருண்டை அதற்குத்தான் என்பார்கள்.

சைலசின் என்று ஒரு மயக்க மருந்து. மாட்டுக்கு ஒரு பாட்டில், நாய்க்கு ஒரு பாட்டில். பார்க்க இரண்டும் தண்ணீர்போலத்தான் இருக்கும். மாட்டுடையது ஐந்து மடங்கு வீரியம். புதன்கிழமை மதியம், அவள் சாப்பிடப் போனபோது, நாய்க்கான பாட்டிலைக் காலி செய்து, அதில் மாட்டு மருந்தை ஊற்றினேன். மயக்கத்தை முறிக்கும் மருந்து அலமாரியில் ஒன்றே ஒன்று இருந்தது. அதை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவள் எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். எடை பார்த்தாள், கணக்குப் போட்டாள், லேபிளை இரண்டு தடவை படித்தாள். நான் பிஹோகோவைப் பிடித்துக்கொண்டேன். அது என் மணிக்கட்டை நக்கியது.

ஊசி போட்ட சில நிமிஷங்களில் ஈறு வெளுத்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது, பிறகு வரவில்லை.

"முறிவு மருந்து எங்க?"

"தீந்துபோச்சு டாக்டர்."

"நேத்து இருந்துச்சே. நல்லாத் தேடுங்க."

தேடினேன். ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து மூடினேன். அவள் தொண்டையில் குழாயைச் செருகி மூச்சுக் கொடுத்தாள், நெஞ்சை அழுத்தினாள். வெளியே கிழவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பிஹோகோ, எந்திரிம்மா, வீட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கிழவரைத் தோளில் தாங்கி வீட்டில் கொண்டுபோய் விட்டவன் நான். நாய்க்குக் குழியும் நான்தான் வெட்டினேன். அதையெல்லாம் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பாட்டிலில் மிச்சமிருந்ததை அவள் பரிசோதனைக்கு அனுப்புவாள் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

கொடுமைக்காரன் என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள், ஐயா. நாய் செத்தே ஆக வேண்டும் என்று எனக்கு இல்லை. அதனால்தான் முறிவு மருந்தைக் கீழே கொட்டாமல் பையில் வைத்திருந்தேன். அவள் கொஞ்சம் தணிந்து கேட்டால் கொடுத்துவிடுவது என்றுதான் இருந்தேன். கேட்கவும் செய்தாள். நெஞ்சை அழுத்திக்கொண்டே, அழுதபடி, "அண்ணே, கெஞ்சிக் கேக்குறேன், எங்கயாவது இருக்கா பாருங்க" என்றாள்.

கேட்க நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.