வெள்ளைக் கரைக்கு வைத்தியம்

டாக்டர்: தோட்டப் போட்டி நடுவர்கள் அனுப்பின கடிதத்தை மறுபடியும் படிக்கிறேன், நல்லாக் கேட்டுக்கோ. "குடியிருப்பின் தோட்டக்காரரே செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்ததை நடுவர்களாகிய நாங்கள் நேரில் கண்டோம்."

தோட்டக்காரர்: நான் பிடுங்கினேனா சார்?

டாக்டர்: பின்ன, நானா? போன வருஷம் நம்ம தோட்டத்துக்கு முதல் பரிசு. நடைபாதைக்கு ரெண்டு பக்கமும் கணுக்கால் உயரம், மழையோ வெயிலோ ஒரு இலை உதிராது, இலைக்கு இலை வெள்ளைக் கரை. இப்போ ஒரே பச்சை! நாளைக்குச் சங்கக் கூட்டம். தலைவர்னு நான் என்ன பதில் சொல்ல? உன்னை அனுப்பிட்டேன்னுதான் சொல்லணும்.

தோட்டக்காரர்: அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன் சார்…

டாக்டர்: அந்தத் தைரியம்தான்.

தோட்டக்காரர்: இந்தச் செடியோட குணம் அப்படி சார். அப்பப்ப முழுப் பச்சையா ஒரு கிளை கிளம்பும். பார்த்த உடனே அடியோட வெட்டணும். விட்டா மளமளன்னு வளர்ந்து, கரை போட்டதை அமுக்கிடும். நான் வெட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்கதான் கத்தரியை வாங்கிப் பூட்டி…

டாக்டர்: கொழுகொழுன்னு இருக்கறதை வெட்டிட்டு, வெளுத்ததை விட்டு வைப்பியா? முப்பது வருஷம் வெளுத்த முகமாப் பார்த்தவன்யா நான். அது ரத்தசோகை.

தோட்டக்காரர்: செடிக்கு ரத்தம் ஏது சார்?

டாக்டர்: எனக்கே பாடமா?

தோட்டக்காரர்: ஐயோ, இல்ல சார். வேர்ல எறும்பு மொய்ச்சுதே, அது…

டாக்டர்: இரும்புச்சத்து டானிக். காலையில ரெண்டு மூடி, சாயங்காலம் ரெண்டு மூடி.

தோட்டக்காரர்: எறும்புங்க நல்ல தெம்பாத்தான் இருந்துச்சு சார்.

டாக்டர்: பேச்சை மாத்தாதே! வியாழக்கிழமை காலையில ஆறு மணின்னு நேரத்தோட எழுதியிருக்காங்க.

டாக்டர் மனைவி: ஆறு மணிக்கா? ஏங்க, அன்னைக்குத்தானே காலெல்லாம் சேறோட வந்து நின்னீங்க? அப்பத்தான் துடைச்ச தரையில…

டாக்டர்: நீ உள்ள போ.

டாக்டர் மனைவி: கிழிஞ்ச பனியன், தலையில துண்டு, கையில கூடை. "நோய் பரவுது, பிடுங்கி எறிஞ்சுட்டேன்"னு சொன்னீங்களே?

டாக்டர்: அடுப்புல ஏதோ கருகுது பாரு.

டாக்டர் மனைவி: அடுப்பே இன்னும் பத்த வைக்கல.

டாக்டர்: சரிய்யா. கொஞ்சம் பிடுங்கினேன். நோய் முத்தினதை மட்டும்.

தோட்டக்காரர்: தெரியும் சார். தினமும் குப்பைத்தொட்டியில பார்த்தேன்.

டாக்டர்: பார்த்துட்டு ஏன்யா வாயைத் திறக்கல?

தோட்டக்காரர்: திறந்தேன் சார். "நீ டாக்டரா, நான் டாக்டரா"ன்னு கேட்டீங்க.

டாக்டர்: சரி, விடு. வெளிய தெரிய வேண்டாம். கூட்டத்துல நீ பிடுங்கினதாவே இருக்கட்டும். நடுவரே எழுதிட்டாங்க, அப்புறம் என்ன? உனக்கு வேற இடத்துல நானே சொல்லி விடறேன்.

தோட்டக்காரர்: கூட்டத்துல கடிதத்தை முழுசாப் படிப்பாங்களா சார்?

டாக்டர்: படிப்பாங்க, படிப்பாங்க.

தோட்டக்காரர்: பின்பக்கமும்?

டாக்டர்: பின்பக்கமா? நான் எங்க அதுவரைக்கும் போனேன்… "எங்களுக்குச் சுற்றிக் காட்டிய சங்கத் தலைவரின் செடியறிவு வியக்கத்தக்கது. பச்சைக் கிளையை ஏன் வெட்ட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். எத்தனை முறை சொல்லியும் அந்த ஆள் கேட்பதில்லை என்று வருந்தினார்." யோவ்… நான் யாருக்கும் சுத்திக் காட்டலையே?

தோட்டக்காரர்: அன்னைக்கு லீவு சொல்ல வந்தேன் சார், நல்ல சட்டை போட்டுக்கிட்டு. "நீங்கதான் தலைவரா"ன்னு அவங்களே கேட்டாங்க. சேத்துல உட்கார்ந்து பிடுங்கிக்கிட்டு இருந்தவரைக் காட்டி, அவர்தான் எங்க தலைவர்னு சொல்ல… எனக்குத்தான் சார் வெட்கமாப் போச்சு.