சோதனை அறைக் கதவு

எங்கள் தொழிற்சாலையில் ஏசி இருந்தது கம்ப்யூட்டர் அறையில் மட்டும்தான். வெயில் காலத்தில் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு எல்லாரும் அங்கே வந்துவிடுவார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும் என்பதால், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று மானேஜர் வெளியிலிருந்தே தெரிந்துகொள்வார். என் தம்பி தைரியராஜ் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைவான்.

"அண்ணே, உன் பொட்டிக்குச் சளி பிடிச்சுக்கப் போவுது. ஒரு கம்பளி வாங்கிப் போத்து" என்பான்.

நடந்ததை முழுதாக, என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. என் பெயர் பாக்கியநாதன். வீடு காட்டூரில். தஞ்சாவூர் ரோட்டில் இரும்பு உருளைகள் செய்யும் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. செய்து முடித்த உருளையை ஓர் இரும்பு அறைக்குள் வைத்து, அறைக்குள் காற்றை ஏற்றி, தாங்குகிறதா என்று சோதிப்பார்கள். அந்தச் சோதனை என் தம்பியின் வேலை. அழுத்தம் முழுவதும் இறங்கிய பிறகுதான் அறைக் கதவின் பூட்டு விலக வேண்டும். எண்பத்தாறிலிருந்து அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. அதற்கான ப்ரோகிராமை எழுதியவன் எஞ்சினியர் அழகிரி.

மனிதன் எழுதும் ப்ரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவது கம்பைலர். எங்களுடையது பழைய யூனிக்ஸ் இயந்திரம். அதோடு வந்த கம்பைலர் அழகிரியின் ப்ரோகிராமுக்குப் போதவில்லை. பெங்களூரிலிருந்து டேப்பில் புதியதை வரவழைத்து நான் கட்டினேன், அதாவது எங்கள் இயந்திரத்தில் ஓடும்படி உருவாக்கினேன். எங்கள் இயந்திரத்தின் குணங்களை அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: ஓர் எண்ணுக்கு எவ்வளவு இடம், எந்த வகை எண்ணுக்கு மைனஸ் உண்டு, எதற்குக் கிடையாது. பிறகு பழைய கம்பைலரை வைத்துப் புதியதைக் கட்ட வேண்டும். அந்தப் புதியதை வைத்து அதையே மறுபடி கட்ட வேண்டும். அதை வைத்து மூன்றாம் முறை. இரண்டாவதும் மூன்றாவதும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் கம்பைலர் சரி என்று அர்த்தம்.

ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒப்பிடும் கட்டளை முதல் வேறுபாட்டைக் காட்டிவிட்டு நின்றுவிடும். எனக்குக் காட்டியது கோப்பின் தலைப்பகுதியில், கட்டிய தேதியும் நேரமும் பதியும் இடம். வெவ்வேறு நேரத்தில் கட்டியவை அங்கே வேறுபடத்தானே செய்யும். இந்தத் தொழிலில் இருக்கிற யாராக இருந்தாலும் அத்தோடு நிறுத்தியிருப்பார்கள்.

மறு வருஷம் ஒரு புது ஆர்டருக்காகத் தடித்த உருளைகள் வந்தன. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஏறிக்கொண்டிருக்கும்போதே பூட்டு விலகிவிட்டது. காற்று வால்வைத் திறந்துவிட்டு வந்து, கதவுக்கு நேர் எதிரே இருந்த திரையைப் பார்த்துக்கொண்டு தைரியராஜ் நின்றிருந்தான். கதவு அவனை எதிர்ச் சுவரோடு சேர்த்து அடித்தது. அதை நகர்த்தச் சங்கிலி போட்டு இழுத்தார்கள். முகம் என்று எதுவும் மிஞ்சவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, அவன்தான் என்று நான் சொன்னேன். சவப்பெட்டியைத் திறக்காமலேயே மாதா கோவிலில் பூசை வைத்தோம்.

அவன் மனைவி ரோசரி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "யாரால மாமா இப்படி ஆச்சு?"

"அழகிரி எழுதுன ப்ரோகிராம்ல தப்பும்மா" என்றேன். அன்று நான் நம்பியது அதைத்தான். அன்றிலிருந்து அவள் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, "அந்தப் பாவி கை வெளங்காமப் போவட்டும்" என்று சொல்லாத நாளில்லை. முடித்துவிட்டு எனக்குச் சோறு போடுவாள். தம்பியின் தட்டில்தான் போடுவாள்.

அழகிரி என்னை ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தான். போனேன். அவன் மனைவி அமிர்தம் பரிமாறினாள்.

"தண்ணி பிடிக்கப் போனாக்கூட, கொலகாரன் பொண்டாட்டி வர்றான்னு ஒதுங்குறாங்கண்ணே. நீங்களாச்சும் இவரு அப்படி இல்லன்னு சொல்லக் கூடாதா?"

"நீ சும்மா இரு. அவங்க தம்பியப் பறிகொடுத்துட்டு வந்து உக்காந்திருக்காங்க" என்று அவளை அடக்கிவிட்டு, அழகிரி என் பக்கம் திரும்பினான். "அண்ணே, வரிவரியாப் பாத்துட்டேன். என் ப்ரோகிராம்ல தப்பு இல்ல. உங்களக் குத்தம் சொல்லல. ஒருக்கா உங்க கம்பைலரப் பாத்துருங்களேன்."

"பாக்குறேன்" என்றேன். இன்னொரு கை ரசம் வாங்கிக் குடித்தேன். நல்ல ரசம்.

சொன்னபடி பார்த்தேன். இந்த முறை எல்லா வேறுபாடுகளையும் காட்டச் சொன்னேன். திரை நிறைந்து ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றாகத் தேடிப் போனதில் தெரிந்தது: மைனஸ் இல்லாத வகை எண்களை என் கம்பைலர் மைனஸ் உள்ள வகையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும், அந்த வகையில் இடம் போதாமல், அந்தப் பெரிய எண் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். பூஜ்யத்துக்குக் கீழே என்றால் அறையில் அழுத்தம் இல்லை, கதவைத் திறக்கலாம். அழகிரி சரியாகத்தான் எழுதியிருந்தான். இயந்திரத்தின் குணங்களைச் சொல்லும்போது நான் ஒரு குறியை மாற்றிப் போட்டிருந்தேன். திருத்துவதற்குச் சிரமமே இல்லை. திருத்தவில்லை.

ரோசரிக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. நான் உண்மையைச் சொன்னால், புருஷனை இழந்தவள் என்னையும் இழந்துவிடுவாள். அவளுக்கு ஏன் அந்தக் கஷ்டம் என்று நினைத்தேன். அழகிரியோ விடுவதாக இல்லை. மானேஜரிடம் கெஞ்சி, மறுசோதனைக்கு அனுமதி வாங்கிவிட்டான். பாதி அழுத்தத்துக்கு மேல் கூடாது என்று மானேஜர் சொல்லிவிட்டார். பாதியில் ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஒன்றும் ஆகாவிட்டால் அழகிரியின் ப்ரோகிராம் சரி என்றாகி, அடுத்து எல்லாரும் என் கம்பைலரைத்தான் பார்ப்பார்கள்.

தைரியராஜ் நின்ற இடத்தில் தானே நிற்பதாக அழகிரி சொன்னான்.

"சார், தள்ளி நில்லுங்க. உங்க கம்ப்யூட்டரு கொட்டாவி விட்டாலும் விட்டுரும்" என்றான் ஃபிட்டர் மருதை. எல்லாரும் சிரித்தார்கள், அழகிரியும் சிரித்தான்.

காற்று வால்வு செங்கல் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. என் தம்பி செய்த வேலையை இன்று நான் செய்கிறேனே என்று கேட்டேன். யாரும் மறுக்கவில்லை. மானேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மீட்டரில் பாதி அழுத்தத்துக்கு மருதை சாக்பீஸால் கோடு போட்டிருந்தான். முள் கோட்டைத் தொட்டது.

"போதும்ணே, கோடு வந்துருச்சு."

நான் வால்வைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். முழங்கையால் அவன் மூக்கில் இடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அழகிரி கூப்பிட்டான். "அண்ணே, மைனஸ் காட்டுது. நான் சொன்னேன்ல, கம்பைலர்தான்ணே." சந்தோஷமாகத்தான் சொன்னான். பூட்டு விலகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஓடு என்று நான் சொல்லியிருந்தால் ஓடியிருப்பான்.

கதவு அவனை இடுப்புக்கு மேலே நசுக்கியது. தைரியராஜைப் போல உடனே உயிர் போகவில்லை. மற்றவர்கள் புழுதியில் இருமிக்கொண்டு நின்றார்கள். நான் வால்வை மூடிவிட்டு அவனிடம் போனேன். என்னை அடையாளம் தெரிந்தது. உதடு அசைந்தது. நான் குனிந்து அவன் வாயையும் மூக்கையும் என் உள்ளங்கையால் மூடினேன். ரத்தத்தை நிறுத்தப் பார்க்கிறேன் என்று பின்னால் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். ஒரு தடவை கடித்தான். கால் அசைவது நின்ற பிறகு கையை எடுத்தேன்.

மருதை உங்களிடம் சொன்னது வால்வைப் பற்றி மட்டும்தான். கையைப் பற்றி யாருக்கும் தெரியாது. முழுதாக எழுதச் சொன்னீர்கள் என்பதால் எழுதினேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு, ஐயா. அழகிரியைக் கொன்றவன் பாக்கியநாதன்தான் என்று கோர்ட்டில் சொல்லுங்கள். தம்பி செத்த ஆத்திரத்தில் செய்தான் என்று சொல்லுங்கள். ஆனால் தைரியராஜ் செத்தது அழகிரியின் ப்ரோகிராமால் என்பது அப்படியே இருக்கட்டும். ரோசரி நாளைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். அழகிரிக்கு இனி அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அமிர்தம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஏட்டு சொன்னார். பழி ஏன் அவள் புருஷன் மேலேயே இருக்க வேண்டும் என்று அவளிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். புரிந்துகொள்வாள், நல்ல மனசுள்ள பெண்.