மொட்டை மாடித் தட்டு

— அந்த முனையப் பிடிடி ஸூலிகா. போர்வை தரையில புரளுது பாரு.

— பிடிச்சிருக்கேன் வர்தியாக்கா. நீங்க சொல்லுங்க, நேத்து உங்க வீட்டுல என்ன சத்தம்?

— என்ன சத்தமா? டிவியில ஃபுட்பால், நம்ம ஆளுங்களுக்குப் பெனால்டி. நம்ம பய பந்துக்கு முன்னால நிக்கிறான். என் வீட்டுக்காரரு மூச்சு விடல. கட்டிடத்துல அஞ்சு மாடியும் மூச்சு விடல. அவன் கால ஓங்கறான்... டப்புனு சேனல் மாறி, வானிலை சொல்ற ஒரு ஜெர்மன்காரி வந்து நிக்கிறா. பின்னாடி மலை. மலையெல்லாம் பனி. நாளைக்கு இன்னும் கொட்டுமாம்.

— பாவம்...

— யாரு, ஜெர்மன்காரியா? இவரு செருப்பக் கழட்டி அவ மூஞ்சிலயே எறிஞ்சாரு. டிவி தப்பிச்சுது, பூந்தொட்டி போச்சு. பந்து உள்ள போச்சா வெளிய போச்சான்னு காலையில பேப்பர் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாரு.

— காத்தா இருக்கும்க்கா. காத்துல டிஷ் தட்டு திரும்பியிருக்கும்.

— காத்தா? அல்ஜியர்ஸ் கடலுக்கு எதுக்கக் கட்டியிருக்கோம், இந்தப் போர்வை ஆடுதா? தட்டு அதோ, நாம எல்லாரும் சேர்ந்து வாங்கி வச்ச எடத்துல அசையாம உக்காந்திருக்கு. தட்டு ஒண்ணு, சேனல் மாத்தற பெட்டி ஒண்ணு. பெட்டி இருக்கறது அஞ்சாவது மாடியில மூலூத் வீட்டுல. அவன் எதத் திருப்பறானோ அதத்தான் கட்டிடமே பாக்கணும். காத்தாம் காத்து.

— ரிப்பேர் தெரிஞ்சவருன்னு நாமதானே அவருகிட்ட குடுத்து வச்சோம்.

— 'அவரு'... போன மாசம் வரைக்கும் உன் வாயில 'அந்த ரேடியோக்காரன்'.

— வாய் தவறி வந்துடுச்சு.

— தவறட்டும், தவறட்டும். எப்படியும் இன்னிக்கோட கதை முடிஞ்சுது. சாயங்காலம் மஃரிப் தொழுதுட்டு எல்லாரும் படிக்கட்டுல கூடறாங்க. பெட்டியப் பிடுங்கிக் கீழ் வீட்டு ஹாஜி அல்லாவாகிட்ட குடுக்கப் போறாங்க.

— ஹாஜிகிட்டயா? அவரு மல்யுத்தத்தத் தவிர எதையும் பாக்க மாட்டாரே.

— ஆமா. இனிமே மாவு பிசையும்போதும் மல்யுத்தம், பிள்ளைக்குப் பால் குடுக்கும்போதும் மல்யுத்தம்... ஏண்டி, கிளிப்பெல்லாம் கீழ விழுது. மூஞ்சி ஏன் வெளுத்துப் போச்சு?

— வெயில்க்கா.

— வெயில்ல கறுக்கும்டி.

— இருங்க, கிளிப்பப் பொறுக்கிக்கறேன்.

— சரி, ஒண்ணு கேக்கறேன். இந்த மாடியில துணி காயப்போட உன் முறை என்னிக்கு?

— செவ்வாக்கெழம.

— அப்ப டிவியில பனி கொட்டற அன்னிக்கெல்லாம் ஒத்தத் துண்ட எடுத்துக்கிட்டு மேல ஓடி வர்றியே, அது எந்த முறை?

— அது... அவசரத் துண்டு.

— அவசரத் துண்டு. நல்லாருக்கு.

— அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

— நான் என்னிக்கு யார்கிட்ட என்ன சொல்லியிருக்கேன்... சிரிக்காத. சொல்லு.

— பனி வந்தா, மாடி காலியா இருக்கு, வான்னு அர்த்தம்.

— டிவியில சில நாள் அந்த இத்தாலிக்காரன் வந்து சமைப்பானே, அது?

— வராத, மாடியில ஹாஜி சம்சாரம் மொளகா காய வச்சுக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம்.

— அடிப்பாவி. அவனப் பாத்துக் கத்துக்கிட்டு நானும் ஒருநாள் சமைச்சேன், வீடே வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. என் பெரியவன் ஜெர்மன்ல பத்து வரைக்கும் எண்ணறான். எல்லாம் உங்க கைங்கரியமா? சரி, அவனுக்குப் பெட்டி இருக்கு. ஒண்ணாவது மாடியில இருந்துக்கிட்டு நீ எப்படிப் பதில் சொல்லுவ?

— தண்ணிக் குழாய்ல... கரண்டியால தட்டுவேன். ஒரு தட்டு, சரி. ரெண்டு தட்டு, முடியாது.

— அந்தக் குழாய் என் சமையக்கட்டு வழியாத்தான்டி மேல போகுது. அல்ஜியர்ஸ்ல குழாய் சத்தம் போட்டா தண்ணி வருதுன்னு அர்த்தம். எத்தன தடவ வாளிய வச்சுட்டு வெறுங்காத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்...

— மன்னிச்சுக்கோங்கக்கா. ஆனா பெட்டி போச்சுன்னா எங்களுக்கு வேற வழியே இல்ல.

— வாய் எதுக்கு இருக்கு?

— வாயால பேசினா சாயந்திரத்துக்குள்ள என் அண்ணன் காதுக்குப் போயிடும்.

— அதுவும் சரிதான். நேத்து எதுக்குப் பனி? நேத்து நீ மேல வரலயே.

— நேத்தியது வேற.

— வேறன்னா?

— போன வாரம் இங்க வச்சுக் கேட்டாரு. உங்க அண்ணன்கிட்ட வந்து பேசட்டுமான்னு. இப்பவே சொல்ல வேணாம், நல்லா யோசி, அடுத்து பனி போடறப்ப தட்டுன்னாரு. ஒண்ணுன்னா வந்து கேக்கறேன். ரெண்டுன்னா இனிமே உன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன்னாரு.

— அதுக்கு அந்த மடையனுக்குப் பெனால்டிதான் கெடச்சுதா?

— ஃபுட்பால்னா என்னன்னே அவருக்குத் தெரியாதுக்கா. கட்டிடமே கப்சிப்னு இருக்கு, தட்டினா நல்லாக் கேக்கும்னு நெனச்சிருக்காரு.

— யா ரப்பி... நீ எத்தன தட்டுன?

— தட்டல.

— ஏன்டி?

— கரண்டி கையில இருந்துச்சு. திடீர்னு அஞ்சு மாடியும் கத்துது. உங்க வீட்டுல என்னமோ ஒடையுது. நான் கல்யாணம்னு சொன்னாலும் இந்தக் கட்டிடம் இப்படித்தான் கத்தும், இந்த வயசுல இவளுக்கு எதுக்குன்னு கேக்கும்னு தோணிச்சு. பயந்துட்டேன்க்கா. கரண்டியோட அப்படியே உக்காந்துட்டேன்.

— பைத்தியம்.

— அதவிடக் கொடுமை, காலையில படிக்கட்டுல எதுக்க வர்றாரு. பதிலே சொல்லாத பொண்ணப் பாத்தா மனுஷன் மூஞ்சி தொங்கணுமில்ல? மீசைய ஒதுக்கிட்டு, விசிலடிச்சுக்கிட்டு, கையில பாதாம் ஸ்வீட்டு டப்பாவோட ஏறறாரு. கண்ண வேற சிமிட்டறாரு. விட்டுது தொல்லைன்னு சந்தோஷப்படறாரோ என்னமோ...

— அழுவாதடி. மூக்கப் போர்வையில தொடைக்காத, இப்பதான் தொவச்சது. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தக் கத்தல் இல்லன்னா, எத்தன தட்டியிருப்ப?

— இப்ப அதக் கேட்டு என்ன ஆகப்போகுது...

— எத்தன?

— ஒண்ணு.

— நிச்சயமாவா? உன் உம்மா மேல ஆணையா?

— ஒண்ணுதான்க்கா. பெரிய கரண்டியால.

— அல்ஹம்துலில்லாஹ்... இப்பதான் எனக்கு உசுரு வந்துது. ராத்திரியெல்லாம் தூங்கல. கூட்டமும் இல்ல, ஹாஜிக்குப் பெட்டியும் இல்ல, உன் வாயக் கிளறத்தான் சொன்னேன். சாயங்காலம் நல்ல உடுப்பாப் போட்டுக்கிட்டு வீட்டுல இரு, அந்த ஸ்வீட்டு டப்பா உன் அண்ணனுக்குத்தான். போன வாரம் அவன் கேட்டப்ப இதே போர்வைக்குப் பின்னாலதான்டி நான் நின்னேன். நேத்து பனி வந்ததும் குழாய்ல காத வச்சேன். தட்டற சத்தமே இல்ல. பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன்... பித்தள உலக்கைய எடுத்து நானே போட்டேன் ஒரு தட்டு. கீழ ஹாஜி வாளியத் தூக்கிக்கிட்டு ஓடினாரு.