மூணாவது சிலிண்டர், வால்வு

வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் காது சுத்தம் செய்துகொள்வேன். வெதுவெதுப்பான எண்ணெய் இரண்டு சொட்டு, மெல்லிய துணி ஒன்று, அவ்வளவு போதும். குச்சி கூடவே கூடாது. நீங்களும் அந்தப் பேனா மூடியைக் காதுக்குள் விடாதீர்கள் சார். கண் ஏமாற்றும், நாக்கு ஏமாற்றும், காது மட்டும் ஏமாற்றாது.

நான் லாரி மெக்கானிக். பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. காதுக்காரர் பட்டறை எங்கே என்று கேட்டால் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் கை காட்டுவார்கள். நீளமான திருப்புளி ஒன்றின் நுனியை ஓடுகிற என்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பேன். எந்த சிலிண்டரில் என்ன கோளாறு என்பதை எதையும் கழற்றுவதற்கு முன்பே சாக்பீஸால் வண்டிக் கதவில் எழுதிவிடுவேன். எழுதிய பிறகுதான் ஸ்பானரைத் தொடுவது. பழுதான பாகத்தைக் கையில் எடுத்துக் காட்டும்வரை அந்த எழுத்தை யாரும் அழிக்கக் கூடாது. அதற்குப் பிறகு அந்தப் பாகம் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கும். இருபத்தாறு வருடச் சுவர் அது. உங்கள் ஸ்டேஷனில்கூட இத்தனை குற்றவாளிகள் சிக்கியிருக்க மாட்டார்கள்.

இந்த அறை மின்விசிறி டக் டக் என்கிறதே, அது பேரிங். மாற்றச் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கச்சியின் புருஷன் ஒரு பழைய பெட்ரோல் லாரி வைத்திருந்தான். ஆறு சிலிண்டர். மலை மேல் கட்டடங்களுக்குச் செங்கல் ஏற்றிக்கொண்டு போவான். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த லாரியால்தான். அந்த ரக வண்டியில் ஒரு குணம் உண்டு. என்ஜின் நின்றுபோனால் பிரேக்கும் பாதிதான் பிடிக்கும். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று எழுதிவிடாதீர்கள், அது என் தொழிலுக்கு அவமானம்.

ஒரு மழை நாளில் வண்டியைக் கொண்டுவந்தான். நிற்கும்போது குலுங்கியது, ஆறில் ஒன்று வேலை செய்யவில்லை. திருப்புளியை வைத்துக் கேட்டேன். பட்டறையில் ஏழெட்டு டிரைவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் கேட்கும்போது யாரும் டீயை உறிஞ்சக்கூட மாட்டார்கள். கதவில் எழுதினேன்: மூணாவது சிலிண்டர், வால்வு.

தங்கச்சி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். அவள் தையல் வேலை செய்கிறவள். "அண்ணே, மழை பெஞ்சா மட்டும்தான் இப்படி இடிக்குது. வெயில்ல ஒழுங்கா ஓடுது. வால்வு போயிருந்தா வெயில்லயும் இடிக்கணும்ல?" என்றாள்.

"ஊசி நூலைப் பத்தி நான் உங்கிட்ட பேசுறனா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல கேள்விதான். அதனால்தான் அப்படிப் பதில் சொன்னேன்.

புது வால்வு வருவதற்கு நாலு நாள் ஆகும் என்று அனுப்பிவைத்தேன். மூன்றாம் நாளே இருவரும் வந்துவிட்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது, என்ஜின் பட்டுப்போல ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சி இறங்கி, பானெட்டைத் திறந்து காட்டினாள். மின்பொறியை ஆறு சிலிண்டருக்கும் பங்கு போட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடியில் சிவப்பாக ஒரு கோடு.

"மழை இருட்டுல திறந்து பார்த்தேண்ணே. மூடி மேல நீலமா பொறி ஓடுச்சு. முடி மாதிரி ஒரு விரிசல், அதுல ஈரம் இறங்குது. தொடைச்சு காய வெச்சு நகப்பூச்சு பூசிட்டேன். சரியாயிடுச்சு. வேற மூடி கிடைக்கிற வரைக்கும் தாங்கும்."

சொல்லிவிட்டு, முந்தானையை மழையில் நனைத்துக் கதவிலிருந்த என் எழுத்தை அழித்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. வீட்டில் மேஜை துடைப்பதுபோலத்தான் துடைத்தாள். ஏழெட்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் ஆறுதலாக, "யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க," என்றார். என்னை யானையோடு ஒப்பிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

எனக்குக் கோபமே வரவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற பெண்ணிடம் கோபப்பட்டு என்ன பயன்? "பூச்சு ரெண்டு நாள் தாங்கும். வால்வு வால்வுதான். வண்டியை விட்டுட்டுப் போங்க," என்றேன். தங்கச்சி முகம் சுருங்கியது. மாப்பிள்ளைதான், "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவர் காதை விடவா உன் நகப்பூச்சு?" என்று சாவியை என் கையில் கொடுத்தான். தங்கமான மனிதன். அவன் இல்லாதது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அன்று பட்டறையை முன்னதாகவே அடைத்துவிட்டு என்ஜினின் மேல்தலையைக் கழற்றினேன். மூணாவது சிலிண்டர் வால்வு கல்யாணப் பெண்போல இருந்தது. ஒரு கீறல் இல்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். பிறகு அதன் விளிம்பை அரத்தால் தேய்த்து, வெல்டிங் நெருப்பில் காட்டினேன். எரிந்த வால்வு எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? மறுநாள் எல்லார் கண்ணெதிரிலும் அதைச் சுவரில் மாட்டினேன். டீக்கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார்.

உங்கள் காவலர் அந்தக் காலண்டரைக் கழற்றி வைத்ததும் டக் டக் நின்றுவிட்டது, கவனித்தேன். காற்றில் அது சுவரில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இருக்கட்டும். பேரிங்கையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

எங்கே விட்டேன்? நகப்பூச்சு. எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யக் கூடாது. செய்தால் எதனால் கோளாறு போனது என்று தெரியாது. புது வால்வும் இருக்கிறது, பூச்சும் இருக்கிறது என்றால் நாளைக்கு வண்டி நன்றாக ஓடும்போது எது காரணம் என்று எப்படிச் சொல்வது? நான் முறையாக வேலை கற்றவன். பேனாக்கத்தியால் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு மூடியைத் திரும்ப மாட்டினேன். சுரண்டினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

புது வால்வைப் போட்டு வண்டியைக் கொடுத்தேன். அடுத்த பதினோரு நாளும் நல்ல வெயில். வண்டி ஒரு நாள்கூட இடிக்கவில்லை. என் கணிப்பு நிரூபணமாகிவிட்டது. தங்கச்சிகூட வந்து, "நீ சொன்னதுதாண்ணே சரி," என்றாள். அவள் அப்படிச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. கூடப் பிறந்தவள் அல்லவா?

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் இருப்பது என் பட்டறைதான். மாப்பிள்ளை செங்கல் பாரத்தோடு மெதுவாக வந்துகொண்டிருந்தான். தெருக்கோடியில் திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. மூணாவது சிலிண்டர். விட்டு விட்டு இடித்தது. ஈரம் இறங்கிவிட்டது. மற்றவர்களுக்குக் கேட்க இன்னும் நூறு அடி இருந்தது. அன்றும் டீயோடு ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் எழுந்து வாசலுக்குப் போய்க் கையைக் காட்டியிருந்தால் போதும். அவன் நின்றிருப்பான். நான் சொல்லி அவன் எதையும் மறுத்ததே இல்லை.

நான் எழுந்தேன். போய்க் காற்றடிக்கும் கம்ப்ரசரைப் போட்டேன். அது ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மாப்பிள்ளை கடந்து போகும்போது வழக்கம்போல இரண்டு தடவை ஹாரன் அடித்துக் கையசைத்தான். நானும் கையசைத்தேன். வண்டி வளைவில் மறைந்து, சத்தம் தேய்ந்து போனபிறகுதான் நிறுத்தினேன். டயர் எதுவும் காற்றுக்கு இல்லையே, எதற்குப் போட்டீர்கள் என்று அன்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். கெட்டிக்காரர்.

மூன்றாவது வளைவில் என்ஜின் நின்றிருக்கிறது. மீதி உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. நொறுங்கிய வண்டியில் எல்லாரும் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தங்கச்சி மட்டும் பானெட்டை நெம்பித் திறந்து, அந்தக் கறுப்பு மூடியைக் கழற்றியிருக்கிறாள். விரிசலுக்குள் நூலளவு சிவப்பு மிச்சம் இருந்தது, இரண்டு பக்கமும் கத்திக் கீறல்.

காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் பட்டறைக்கு வந்தாள். சுவரில் எரிந்த வால்வுக்குப் பக்கத்து ஆணியில் அந்த மூடியை மாட்டினாள். என் மேஜையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பட்டறைக் கதவில் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்: அண்ணன்.

அதை நான் அழிக்கவில்லை. நிரூபணமாகும்வரை அழிக்கக் கூடாது என்பது நான் போட்ட வழக்கம்தானே. எல்லாம் நான்தான் செய்தேன் சார், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வால்வு எப்படியும் இன்னும் ஒரு வருடத்தில் தானாகவே எரிந்துபோயிருக்கும். நான் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.