ஷிமிசுத் தெருவின் ஏழு வாளிகள்

சுற்றுப் பலகை ஒரே வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. குப்பை எடுக்கும் நாள், நகராட்சி அறிவிப்பு, திருவிழா வேலைப் பட்டியல் எல்லாம் கிளிப்பில் மாட்டி வீடு வீடாகப் போகும் பலகை அது. படித்து, முத்திரை குத்தி, அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட வேண்டும். எங்கள் ஷிமிசுத் தெருவில் இருப்பதே பதினொரு வீடு. எந்த வீட்டுக்காரி படிக்காமலே முத்திரை குத்துகிறாள் என்பதுகூட எனக்குத் தெரியும். வம்புக்காரி என்பார்கள். அந்த வம்பு இல்லாவிட்டால் மொரிவாகி அண்ணனை அந்தப் புதன்கிழமை யாருமே எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

நீங்கள் வெளியூர். உங்களுக்கு எங்கள் கிணறு ஒரு கிணறு, அவ்வளவுதான். திருவிழா ஞாயிறு காலையில் எங்கள் தெருக்காரர்கள் ஏழு பேர் வெள்ளை உடுத்தி, அந்தக் கிணற்றில் ஏழு மரவாளி இறைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். வரிசையில் முதலில் போவதற்கு முன்வாளி என்று பேர். மூச்சுக்காற்றும் பேச்சும் தண்ணீரில் படக்கூடாது என்று பல்லிடுக்கில் ஒரு வெள்ளைத் தாளைக் கடித்துக்கொள்ள வேண்டும். வருஷத்தில் நான் வாயை மூடியிருப்பது அந்த ஒரு மணி நேரம்தான் என்று ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். அந்தத் தண்ணீரால் பல்லக்கின் தண்டுகளைக் கழுவாமல் சாமி வாசலைத் தாண்டாது.

ஒரு விதி உண்டு. திருவிழாவுக்கு முந்தைய ஏழு நாளில் தெருவில் ஒரு சாவு விழுந்தால் கிணற்றுக்குத் தீட்டு. ஆஸ்பத்திரியில் உயிர் போனாலும் வீடு எந்தத் தெருவோ, சாவு அந்தத் தெருவுக்குத்தான். முன்பெல்லாம் தீட்டு வந்தால் அந்த ஒரு வருஷம் மட்டும் வாளி கஜியாத் தெருவுக்குப் போய், அடுத்த வருஷம் திரும்பி வரும். போன வசந்தத்தில் கோயில் கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. ஷிமிசுத் தெரு கிழடு தட்டிவிட்டதாம். இனி ஒருமுறை வாளி கைமாறினால் கைமாறியதுதானாம், திரும்பாதாம்.

கஜியாத் தெரு இசோனோ அம்மாவுக்கு அன்றிலிருந்து கால் தரையில் படவில்லை. டோஃபு கடையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஹிசாயோக்கா, இந்த வருஷம் வாளி தூக்க இடுப்பு இருக்கா? இல்ல, நாங்க வந்து தூக்கட்டுமா?"

"எங்க இடுப்ப விடு. உங்க தெருத் தண்ணி துருவால்ல வருது. சாமிக்கு வயித்தால போயிடும்."

"உங்க தெருவுல எண்பதத் தாண்டுனவங்க ஆறு பேராமே. பத்திரமாப் பாத்துக்கோங்க அக்கா. ஒருத்தர் போனாலும் வாளி எங்களுக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆறு பேரையும் நான் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டேன். ராத்திரி சாத்தும் மழைக்கதவுகள் எல்லா வீட்டிலும் திறந்திருக்கிறதா என்று தினமும் காலையில் ஒரு நடை நடப்பேன்.

புதன்கிழமை மொரிவாகி அண்ணன் வீட்டு வாசலில் பலகை அப்படியே கிடந்தது. எண்பத்தொரு வயது, தனிக்கட்டை, ஓடு வேய்கிறவராக இருந்தவர். பின்கதவுச் சாவி ஊறுகாய்ச் சாடி மேல் வைத்த கல்லுக்கு அடியில் இருப்பதும் எனக்குத் தெரியும். உள்ளே போனேன். அடுப்படிக்கும் அறைக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஒரு கை மட்டும் அசைந்தது.

"ஹிசாயோ," என்றார். "ஆம்புலன்ஸ்."

நான் நிதானமாக யோசித்தேன். அந்த வயதில் அப்படி விழுந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு மூன்று நாளில் முடிந்துபோவதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் மணி, நிமிஷம் போட்டுக் காகிதம் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் தனியாக இருக்கிறவர் எப்போது போனார் என்பது, மற்றவர்கள் எப்போது பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறுத்துக்கோங்க அண்ணே," என்றேன். "நாப்பது வருஷம் முன்வாளி தூக்குனவரு நீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் எதுவோ சொன்னார். "சரி" என்றுதான் எனக்குக் கேட்டது.

தலைக்குத் தலையணை வைத்தேன். போர்வையை இழுத்து மூடினேன். கேட்டபோது தண்ணீர் கொடுத்தேன், கிணற்றுத் தண்ணீர், கரண்டியால். நாளுக்கு மூன்று வேளை. பெற்ற மகள் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருகிறாள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கதவுகளைச் சாத்தி, பலகையில் அவர் முத்திரையை நானே குத்தி, அடுத்த வீட்டில் வைத்தேன். நகோயாவில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

தெருத் தலைவர் நாகசே மட்டும் விடவில்லை.

"திருவிழா சமயத்துல அண்ணன் ஊர்ல இல்லாம இருந்ததே இல்லையே. அப்படி என்ன அவசரம்?"

"மகளுக்குப் பிரசவம்."

"ஹிசாயோ, அந்தப் பொண்ணுக்கு அம்பத்திரெண்டு வயசு."

"மகளோட மகளுக்குன்னு சொல்ல வந்தேன். முழுசாக் கேக்குறதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு?"

வியாழக்கிழமை நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அந்த மகளே போன் செய்தாள். எடுக்காவிட்டால் சந்தேகம் வருமே என்று எடுத்தேன்.

"அப்பா கிணத்தடியில இருக்காரும்மா. ஏழு வாளியையும் அவருதான் தேச்சுக் கழுவணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. திருவிழா முடிஞ்சதும் பேசச் சொல்றேன்."

அவள் சிரித்தாள். "அப்பா மாறவே இல்ல," என்றாள். தரையிலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அசையும் கையைப் பாயில் தட்டினார். போனை வைத்த பிறகு, அவர் தட்டியதில் நகர்ந்துவிட்ட கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு வாளியும் கோயிலுக்குப் போயின. முன்வாளி நான். ஒரு சொட்டு சிந்தவில்லை. இசோனோ அம்மா படிக்கட்டில் நின்று எங்கள் இடுப்பை எண்ணிக்கொண்டிருந்தாள். பல்லக்கு இந்த வருஷம் போனதுபோல எந்த வருஷமும் போனதில்லை. தூக்கியவர்களில் ஒருவருக்குக்கூடக் கால் இடறவில்லை. திங்கள் காலை எட்டு மணிக்கு நான் மொரிவாகி அண்ணனைக் கண்டெடுத்தேன். அலறினேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

மகள் அந்த போனைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருந்திருந்தால், அவரவர் துக்கத்தோடு அவரவர் இருந்திருப்போம்.

இப்போது பூசாரி வாளிகளை எரித்துவிட்டாராம். அடுத்த வருஷத்திலிருந்து கஜியாத் தெருவாம். நாகசே என் முகத்தில் விழிக்க மாட்டாராம். எங்கள் தெருக்காரர்கள் தெருவே அழிந்துவிட்டதுபோல அழுகிறார்கள். வாளியை அவர்கள் தோளில் வைத்தது யார் என்று ஒருவராவது கேட்டார்களா? எனக்கு வெட்கமில்லை. தீட்டு என்றால் சாமி அன்றைக்கே காட்டியிருக்கும். காட்டவில்லை. அவர் போனது திருவிழா முடிந்த பிறகு. நான் அவரைப் பொறுக்கச் சொன்னேன், பொறுத்தார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

உங்கள் டாக்டர் வெள்ளிக்கிழமை சாயங்காலமே என்கிறார். டாக்டர் அங்கே இருந்தாரா? சனிக்கிழமை மூன்று வேளையும் கரண்டி பிடித்தவள் நான். உடம்பு சில்லென்று இருந்தது, இன்னொரு போர்வை போட்டேன். தண்ணீர் வாயோரமாக வழிந்தது, துடைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்திக்கொண்டு கிளம்பும் முன்பும் போய்க் கொடுத்தேன், அதுவும் வழிந்தது. அவருக்குத் தாகம் அடங்கியிருந்தது, அவ்வளவுதான்.