பதினோரு கொக்கும் கறுப்பு வாலும்

– மெதுவா மூச்சு விடுங்க சம்பந்தியம்மா. மூக்குக் கண்ணாடியில ஐஸ் பிடிச்சுக்கிட்டா அப்புறம் கொக்கும் தெரியாது, ஆறும் தெரியாது.

– எங்கங்க? எனக்கு வெறும் பனிமூட்டந்தான் தெரியுது. நடு ஆத்துல ஏதோ புதர் புதரா...

– அந்தப் புதர்தான் கொக்கு.

– ஐயோ! அத்தனையுமா?

– அத்தனையுந்தான். நாப்பதுக்குக் குறையாது. வெளியே மைனஸ் இருபது, ஆத்துத் தண்ணி அதைவிடச் சூடு. அதனால ராத்திரி பூரா தண்ணிக்குள்ள நின்னுதான் தூங்கும். நம்மள மாதிரி முட்டாளா என்ன, இந்தக் குளிர்ல பாலத்து மேல வந்து நிக்க?

– அம்மாடி! ஒத்தக் கால்ல நிக்குது பாருங்க! சம்பந்தி, என் கண்ணப் பாருங்க, எப்படித் தண்ணி கொட்டுது!

– குளிரு.

– குளிரு இல்லைங்க, சந்தோஷம்! நாப்பது வருஷமா பட்டுல கொக்கு வரையறேன். கியோட்டோவுல யோஷினோன்னு சொன்னாலே, ‘ஓ, அந்தக் கொக்கு போடறவங்களா’ம்பாங்க. ஆனா உசுரோட ஒண்ணைப் பாக்க இன்னைக்குத்தான் கொடுத்து வெச்சிருக்கு.

– நாப்பது வருஷம் பாக்காமலேயா போட்டீங்க?

– எங்க வாத்தியார்கிட்ட ஒரு மாதிரிப் புத்தகம் இருந்துது. அதப் பாத்து அவரு, அவரப் பாத்து நான். கூண்டுல அடைச்சு வெச்சதைப் போய்ப் பாக்க எனக்கு மனசு வரலைங்க.

– எங்க கதை தலைகீழ். தினம் விடிஞ்சா தொழுவத்து வாசல்ல வந்து நிக்கும். மாட்டுக்குப் போட்ட சோளத்துல பாதி இதுங்க வயித்துலதான். நான் தொடப்பத்தோட தொரத்துவேன், எங்க வீட்டுக்காரரு ‘அடியே, மரியாதையா தொரத்து’ம்பாரு.

– நாளைக்கு என் பொண்ணு கல்யாணக் கிமோனோ மேலயும் பதினோரு கொக்கு வருது, அதையும் தொரத்திடாதீங்க! எல்லாமே பறக்கற கொக்கு. முதுகுல இருக்கறதுதான் பெருசு, இத்தனாம் பெருசு! ஷிஹோ ஒரே பிடியா நின்னா. நிக்கற கொக்கு வேண்டாம்மா, பறக்கறதுதான் வேணும், வாலை நல்லா விரிச்சு மை மாதிரி கறுப்பா வைன்னு.

– ம்... பால் குடிக்கிறீங்களா? பிளாஸ்க்ல சூடா இருக்கு. நம்ம வீட்டுப் பாலு.

– அப்புறம் குடிக்கலாம். ஆமா, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். உங்க பையன் தகுமா எப்படிங்க எங்க கிமோனோ கண்காட்சிக்குள்ள வந்தாரு? ரெண்டு பேரையும் எப்பக் கேட்டாலும் ‘கண்காட்சியில பாத்துக்கிட்டோம்’ங்கறதோட சரி. அம்மாவுக்குக் கிமோனோ வாங்க வந்திருப்பாருன்னு நானா நெனச்சுக்கிட்டேன்.

– எனக்குக் கிமோனோவா! அதக் கட்டிக்கிட்டுச் சாணி அள்ளவா? மாட்டுக்காரங்க சங்கத்துச் சுற்றுலாவுல வந்தான், மழைக்கு ஒதுங்கினான். அவ்வளவுதான்.

– ஒதுங்கினவரு?

– ஒதுங்கினவன்... அங்க பாருங்க, அங்க! கழுத்தைத் தூக்குது!

– எது, எது?

– இடது பக்கம், சோடி. கேளுங்க.

– அடேயப்பா, என்னா சத்தம்! நெஞ்சுக்குள்ள அதிருதுங்க!

– ஆம்பளை ஒரு தரம் கூப்பிட்டா, பொம்பளை ரெண்டு தரம் பதில் சொல்லும்.

– எங்க வீட்டைப் பாத்துக் கத்துக்கிச்சா?

– எல்லா வீட்டையும் பாத்துத்தான். ஏங்க, குதிக்காதீங்க, வழுக்கும்!

– ஆடுதுங்க! ரெக்கைய விரிச்சு எகிறி எகிறி ஆடுது! குச்சியத் தூக்கிப் போட்டுப் பிடிக்குது! கடவுளே, நான் போட்ட கொக்கெல்லாம் மரக்கட்டைங்க சம்பந்தி, மரக்கட்டை! இதுதான் கொக்கு!

– வெயில் ஏறிடுச்சு, இப்பக் கெளம்பும் பாருங்க. தீவனம் போடற வயலுக்கு இந்தப் பாலத்து மேலதான் போவும். தலைய நிமுத்திக்கிட்டே இருங்க.

– ஓடுது... ஓடுது... எழும்பிடுச்சு! வருது, வருது, நம்ம தலைக்கு மேலயே! எவ்வளவு பெரிய ரெக்கை! ஐயோ, வயிறெல்லாம் தெரியுது! காலு, வாலு...

– அழகுல்ல?

– இருங்க, கண்ணாடியத் தொடச்சுக்கறேன்.

– சம்பந்தியம்மா? கண்ணுல பனி விழுந்துடுச்சா?

– சம்பந்தி. அதுக்கு வாலு வெள்ளை.

– ஆ... ஆமா.

– அடுத்ததுக்கும் வெள்ளை. அதுக்குப் பின்னால வர்றதுக்கும் வெள்ளை. கறுப்பு எங்கங்க போச்சு?

– கறுப்பு ரெக்கையோட பின்னாடி ஓரத்துல இருக்கு. மடக்கி நிக்கும்போது அந்த இறகு வாலு மேல தொங்கும், பாக்கறவங்களுக்கு வாலே கறுப்புன்னு தோணும். பறந்தாத்தான் தெரியும்.

– நான் பறக்க விட்டு வாலுக்குக் கறுப்பு அடிச்சிருக்கேனே!

– விடுங்க, துணிதானே...

– துணியா? நாப்பது வருஷங்க! எத்தனை கல்யாணம், எத்தனை பொண்ணுங்க முதுகுல! போகட்டும், அங்க யாரும் கொக்கைப் பாத்ததில்லை. நாளைக்குக் கோயில்ல மணப்பொண்ணுக்குப் பின்னாடியே நடந்து வரப்போறது யாரு? உங்க ஊரு! குளிர்காலத்துல பள்ளிக்கூடப் பசங்ககூட கொக்கு எண்ணற ஊரு! அத்தனை கண்ணும் அந்தப் பெரிய கொக்கோட வாலு மேலதான் இருக்கும்!

– யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

– நேருக்கு நேரா சொல்ல மாட்டாங்க. வீட்டுக்குப் போய் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. காரை எடுங்க. பெட்டியில பிரஷ் இருக்கு, சிப்பிப் பொடியில பண்ண வெள்ளைச் சாயம் இருக்கு. இப்ப ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள பதினோரு வாலையும் வெள்ளை பண்ணிடுவேன்.

– கறுப்பு மேல வெள்ளை நிக்குமா?

– நிக்காது. வெடிச்சாலும் வெடிக்கும். பக்கத்துத் தங்கப்பூச்சு மேல வெள்ளை இழுவிடுச்சுன்னா மொத்தமும் போச்சு. போனாப் போகட்டும், வாடகைக் கிமோனோ கட்டிக்கட்டும்! தப்பான கொக்கோட என் பொண்ணு உங்க வீட்டுப் படி ஏறக்கூடாது.

– பெட்டியத் தொடாதீங்கம்மா. உங்க கால்ல வேணா விழறேன்.

– ஏங்க, உங்களுக்கு என்ன வந்துது இதுல? இருங்க... இருங்க. ஷிஹோ போன குளிருக்கு வெந்நீர் ஊத்துக்குப் போறேன்னு இந்தப் பக்கந்தானே வந்தா? அப்ப அவளும் பாத்திருப்பாளே!

– இப்பவாவது ஒரு வாய் பால் குடிங்களேன்.

– பாத்துட்டு வந்துதான் கறுப்பா வைம்மான்னாளா? தெரிஞ்சேவா? பெத்த தாயை ஊரு முன்னாடி நிறுத்திச் சிரிக்கவா? சொல்லுங்க சம்பந்தி!

– எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க உங்க பொண்ணு.

– சரி, நீங்க சத்தியத்தைக் காப்பாத்துங்க. நான் கிழிச்சு எறியறேன் அந்தக் கிமோனோவை.

– அட இருங்க! இந்த ரித்சுகோவுக்கு மூணு மாசமா வாய்க்குள்ள கொள்ளிக்கட்டை வெச்சுக்கிட்டு இருக்கற மாதிரிதான் இருக்கு. சொல்லித் தொலைக்கிறேன். மழைக்கு ஒதுங்கினவன் சும்மா நின்னானா? நேரா போய் அங்க நின்ன பொண்ணுகிட்ட, ‘ஏங்க, இந்தக் கிமோனோவுல பறக்கற கொக்குக்கு வாலு தப்பு’ன்னான்.

– ஷிஹோகிட்டயா?

– அவங்க சும்மா விடுவாங்களா? ‘எங்கம்மா போட்டது, தப்பாவே இருக்காது. முடிஞ்சா நிரூபிச்சுக் காட்டுங்க’ன்னு மூஞ்சியில அடிச்சாப்புல சொல்லி விலாசத்தையும் எழுதிக் குடுத்துட்டாங்க. இவன் ஊருக்கு வந்து மாடு கறக்கறானோ இல்லையோ, வாரம் ஒரு போட்டோ. அவங்க ஒவ்வொண்ணுக்கும் ‘சரியாத் தெரியலை, இன்னொண்ணு அனுப்புங்க’.

– எத்தனை வாரம்?

– ரெண்டு குளிர்காலம். மூணாவது குளிருக்கு, நேர்ல வந்தாத்தான் ஒத்துப்பேன்னு கெளம்பி வந்தாங்க. இதே பாலம். நீங்க நிக்கற இதே இடம்.

– ஒத்துக்கிட்டாளா?

– ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் அம்மாகிட்ட இத எப்படிச் சொல்லுவேன்னு ஒரே அழுகையாம். இவன் சொல்லியிருக்கான், ‘சொல்லவே வேண்டாம். நம்ம கல்யாணத்துக்கு அந்தக் கறுப்பு வாலுதான் வேணும்’னு.

– இதுக்குத்தானா அவ ஒரே பிடியா நின்னா!

– இந்தாங்க கார் சாவி. போய் வெள்ளை அடிக்கணும்னா அடிங்க. ஆனா அன்னைக்கு அந்த வாலை மட்டும் நீங்க சரியாப் போட்டிருந்தீங்கன்னா சம்பந்தியம்மா, என் பையன் மழை விட்டதும் கெளம்பிப் போயிருப்பான்.