தேர்தல் முடிந்து திரும்பி வந்த துப்பாக்கி

முதல் வெடி. காலை ஏழு பத்து. மலை அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. தட்டிவிடப் போன என் இடது கை குழல் முனையில் இருக்கிறது. மூன்று விரல்கள் இல்லை.

"மதினி!" என் கொழுந்தன் கணேசன் என்னை நோக்கி ஓடிவருகிறான். "அண்ணே, வேண்டாம்ணே! கீழ போடுண்ணே!"

இரண்டாவது வெடி.

அந்தச் சத்தம் மலையில் மோதியதா, தெரியாது. என் காது அடைத்துவிட்டது.

சுட்டவர் என் வீட்டுக்காரர் மாரியப்பன். இடம், சோழபுரத்துக்கு மேற்கே எங்கள் மாந்தோப்பு. அண்ணன் தம்பிக்கு ஒரே கிணறு. ஒரே மோட்டார். அன்று தண்ணீர் முறை எங்களுடையது. கணேசன் தன் பக்கம் திருப்பிவிட்டிருந்தான். அவ்வளவுதான்.

ஆட்டோவில் அவன் தலை என் மடியில். அவன் மனைவி ஜோதி முந்தானையை அவன் நெஞ்சில் வைத்து அழுத்துகிறாள். "செத்த நேரம் பொறுத்துக்கோங்க. வந்துட்டோம்." ராஜபாளையம் எட்டுமுன் மூச்சு நின்றது. அவள் சொல்வதை நிறுத்தவில்லை.

அது இரட்டைக்குழல். காட்டுப்பன்றிக்கென்று மாமனார் லைசென்ஸ் வாங்கியது. அவருக்குப் பிறகு இவர் பேருக்கு வந்தது. பிள்ளைகள் படுக்கும் அறையில் சாத்தி வைப்பார். எண்ணெய் போட்டுத் துடைப்பார். நான் அதை வெறுத்தேன். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்த நாட்களில்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வராந்தா. சாட்சி சொல்ல நிற்கிறேன். இவருடைய சித்தப்பா பக்கத்தில் வந்தார். "அவன் கோவக்காரன்த்தா. துப்பாக்கி இல்லேன்னா அருவாளத் தூக்கியிருப்பான். இத மனசுல வச்சுப் பேசு."

"பொய் சொல்லாதீங்க மாமா" என்றேன். "தேர்தலப்ப இதே தண்ணிக்கு இதே சண்ட வந்துச்சா இல்லையா? அப்ப துப்பாக்கி ஸ்டேஷன்ல கெடந்துச்சு. இவிய மம்பட்டிக் கம்பால அடிச்சாவ. தம்பிக்கு நாலு தையல். மறுநாள் கட்டு மாத்த இவியளே பைக்குல கூட்டிட்டுப் போனாவ. அருவா அன்னைக்கும் கொல்லையிலதான் தொங்குச்சு. ஏன் எடுக்கல?"



தேர்தல் முடிந்து துப்பாக்கி வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் கணேசன் செத்தான். அதே ஆள். அதே கோபம். கூண்டில் ஏறி இதையேதான் சொன்னேன். தாலி கட்டியவருக்கு எதிராகச் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

வெளியே வந்ததும் சித்தப்பா வக்கீலிடம் கேட்டார். "கேஸ் முடிஞ்சா துப்பாக்கி திரும்பக் கெடைக்குமா?" என் காதுபடவே கேட்டார். அதை உடைத்துப் போடச் சொல்லி கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இல்லை.

போனவற்றைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். உயிர் ஒன்று. கணேசன், முப்பத்தெட்டு வயது. ஜெயிலில் ஒருவர். என் கையில் மூன்று விரல். மோட்டார் ரூமுக்குப் பூட்டு விழுந்ததால் காய்ந்த மரங்கள் நாற்பத்தொன்று. ஜோதி பிள்ளைகளோடு கிருஷ்ணன்கோவிலில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரண்டு வீட்டிலும் சேர்த்துப் பிள்ளைகள் நான்கு. பெரியப்பா என்ற சொல்லையும் சித்தப்பா என்ற சொல்லையும் அவர்கள் இப்போது சொல்வதில்லை.